ஹீட்டரைக் கைவிடலாமா?

அன்புள்ள செழியன்,

உன் கடிதம் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தை விட்டுக் கருவி செய்யும் பக்கம் நீ போய்விட்டதில் எனக்கு வியப்பில்லை. கட்டுரை எழுதுவதைவிடக் கையில் பிடித்துப் பார்க்கிற பொருளைச் செய்வதில்தான் உனக்கு எப்போதும் நாட்டம். பேட்டரியில் ஆண்டுக்கணக்காக ஓடவேண்டிய வாயு உணரிக்கு, சூடேற்றவே தேவையில்லாத நானோ பொருளை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். நாங்களும் அதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு என்னவோ உன் பக்கம்தான். 1962இல் தெத்சுரோ சேயாமாவின் குழு துத்தநாக ஆக்சைடுப் படலத்தால் வாயுக்களைக் கண்டறிந்த காலத்திலிருந்து, உலோக ஆக்சைடு உணரிகள் பெரும்பாலும் 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் வேலை செய்து வருகின்றன. பழைய பாணி உணரியின் ஹீட்டர் சில நூறு மில்லிவாட்டை விழுங்கும். சிலிக்கான் சில்லின் மேல் மெல்லிய சவ்வாக அமைத்த நுண் ஹீட்டர் அதைச் சில பத்து மில்லிவாட்டாகக் குறைத்தது. ஆனாலும் 3 வோல்ட், 220 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட வில்லை பேட்டரியிலிருந்து இடைவிடாமல் 20 மில்லிவாட் எடுத்தால் 33 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். அதையே 20 மைக்ரோவாட்டாகக் குறைத்தால், கணக்குப்படி மூன்றரை ஆண்டுக்கு மேல் வரும்.

நானோ அளவு இங்கே வெறும் அலங்காரம் அன்று. இவ்வகை உணரிகளில் பயன்படும் டின் ஆக்சைடின் பரப்பில் ஒட்டும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்வதால், உள்ளே ஏறக்குறைய 3 நானோமீட்டர் ஆழத்துக்கு எலக்ட்ரான் வற்றிய அடுக்கு ஒன்று உண்டாகிறது. துகளின் விட்டமே 6 நானோமீட்டரை ஒட்டி இறங்கினால் துகள் முழுவதும் வற்றிவிடும், உணர்திறனும் மளமளவென்று ஏறும். இதை 1991இல் யமசோவேயின் குழு காட்டியது. சூடேறிய நிலையில் எங்கள் உணரிக்குப் பக்கத்து மேசையில் யாராவது எத்தனால் புட்டியைத் திறந்தால் போதும், திரையில் மின்தடைக் கோடு சரிந்து விழும். புட்டியை மூடியதும் மெல்ல ஏறித் தன் இடத்துக்கு வந்துவிடும்.

ஹீட்டரை நிறுத்திவிட்டால் அப்படித் திரும்பி வருவதுதான் நின்றுபோகிறது. ஒட்டிய மூலக்கூறை உதறித் தள்ளுவது அந்தச் சூடுதான். 2000இல் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜன் டை ஆக்சைடை உணர்ந்த கார்பன் நானோகுழாய்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் எடுத்துக்கொண்டன. 2007இல் ஒற்றை மூலக்கூறையே உணர்ந்த கிராஃபீனை (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாள்)க்கூட வெற்றிடத்தில் 150 டிகிரிக்குச் சூடேற்றித்தான் சுத்தம் செய்தார்கள்; தலைப்பை மட்டும் படிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. போதாக்குறைக்கு ஈரப்பதம் வேறு. அறை வெப்பநிலையில் இருக்கும் டின் ஆக்சைடின் மேல் ஒருமுறை வாயால் ஊதிப்பார், வாயு எதுவும் இல்லாமலே அளவீடு தாறுமாறாகும்.

ஆகவே என் யோசனை, சூட்டை வைத்துக்கொண்டு நேரத்தைச் சுருக்குவது. நுண் ஹீட்டர் சூடேறச் சில பத்து மில்லிவினாடிகளே போதும் என்பதால், 50 வினாடிக்கு ஒருமுறை 50 மில்லிவினாடி மட்டும் 20 மில்லிவாட் கொடுத்தால் ஹீட்டரின் சராசரிச் செலவு நீ விரும்பிய அதே 20 மைக்ரோவாட்தான். அளக்கும் மின்சுற்று சாப்பிடுவது தனி. அந்தக் குறுகிய நேரத்தில் பரப்பில் நடக்கும் வினை நிலைபெறாது. எனவே ஒற்றை மின்தடை எண்ணை நம்பாமல், அந்த 50 மில்லிவினாடிச் சூட்டுத் துடிப்பின்போது மின்தடை மாறும் வளைகோட்டின் வடிவத்தைப் பதிவு செய். ஒரு வாயுவை இன்னொன்றிலிருந்து பிரித்தறியவும் அந்த வடிவம் ஓரளவுக்குக் கைகொடுக்கும். அளக்கும் மின்னோட்டத்தாலேயே சூடேறும் ஒற்றை நானோகம்பி இதைவிடச் சிக்கனமானது என்றாலும், ஒரே மாதிரி ஆயிரம் கம்பிகளை மின்முனைகளில் பொருத்துவது இன்னும் கைவந்த வேலையாகவில்லை.

நீ தேடுவது ஹைட்ரஜனை மட்டும் என்றால் கதை வேறு. பல்லேடியம் என்னும் உலோகம் அதை அறை வெப்பநிலையிலேயே உள்ளிழுத்து விரியும், பிறகு வெளியேயும் விடும். கொஞ்சம் நிக்கல் கலந்தால் ஹைட்ரஜன் செறிவு ஏறும்போது ஓர் அளவும் இறங்கும்போது வேறோர் அளவுமாகக் காட்டும் பழக்கமும் குறையும். அங்கே ஹீட்டர் இல்லாமல் முயன்று பார்ப்பதில் தவறே இல்லை.

எந்த வாயு, எவ்வளவு செறிவில், எத்தனை விழுக்காடு ஈரப்பதத்தில் என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. அதற்கேற்ற துகளளவில் பொடி தயாரித்து, மின்முனைகளில் பூசிய மாதிரிகளாகவே அனுப்புகிறேன்.

அன்புடன்,
கதிர்