இதெல்லாம் எழுதலாமா அக்கா?

திருநெல்வேலி மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கும், வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், முக்கியமாகப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்களுக்கும் வணக்கம்.

நான் முக்கூடல் பக்கத்துக்காரி. 2021 கடைசியில், கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகப் பெயர் கொடுத்து, சாயங்காலமானால் அம்மன் கோயில் கொட்டகையில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவள். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை, ஆசைக்கு வாசிக்கவும் சொந்தமாக எழுதவும், விருப்பப் பாடமாகக் கால அட்டவணையிலேயே போட்டுக் கொடுங்கள். அதற்கு மார்க் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளம் உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்து, வீடு வாசல் கழுவி, பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகள் மறுபடியும் கொட்டகைக்கு வரத் தொடங்கின சமயம் ‘ஆறு’ என்று தலைப்புக் கொடுத்து ஐந்து வரி எழுதச் சொன்னேன். பதினாறு பிள்ளைகள் எழுதின. பதினாறு பேப்பரிலும் ஏறக்குறைய ஒன்றேதான். “ஆறு நமக்கு நீர் தருகிறது. ஆறு விவசாயத்திற்குப் பயன்படுகிறது. ஆற்றை நாம் மாசுபடுத்தக் கூடாது.” மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஆறு வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, பிள்ளை அதைக் கண்ணால் பார்த்திருக்கிறது, பேப்பரில் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் பேப்பரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, வெள்ளம் வந்த அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று வாயால் சொல்லச் சொன்னேன். அப்புறம் அவர்களை நிறுத்த முடியவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: “ரேசன் கார்டு எங்கன இருக்குன்னே எங்கம்மைக்கு தெரியல. ஆனா ஆச்சி பீடித் தூள் பையை மட்டும் தலையில வச்சுக்கிட்டு மொதல்ல மச்சு வீட்டுக்குப் போயிட்டா. தூள் நனஞ்சா கடையில காசு பிடிச்சிருவாவல்லா.” கொட்டகையில் பாதிப் பிள்ளைகள் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள், எல்லாம் ஆமா ஆமா என்று தலையாட்டின. இதையே எழுதும்மா என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “இதெல்லாம் எழுதலாமா அக்கா?”

ஒன்பது வயதுப் பிள்ளை. நாலு வருசம் பள்ளிக்கூடம் போயிருக்கிறது. எழுத்து என்றால் யாரோ எங்கேயோ எழுதி வைத்ததை நாம் பார்த்து எழுதுவது, நம் வீட்டில் நடப்பது அதற்குள் வராது என்று நம்பியிருக்கிறது. இதற்கு ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பாடத்தை முடிக்க வேண்டும், எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும், காலை உணவைப் பார்க்க வேண்டும், ஈராசிரியர் பள்ளி என்றால் ஒரே ஆள் மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு ஓட வேண்டும். இதற்கென்று அட்டவணையில் ஒரு இடம் இல்லாத வரைக்கும் நல்ல ஆசிரியரால்கூட இதைச் செய்ய முடியாது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவள் அன்றைக்கு அரைப் பக்கம் எழுதினாள். ‘தூள்’ என்பதை ‘தூல்’ என்று எழுதியிருந்தாள், என் கை தன்னாலே சிவப்புப் பேனாவுக்குப் போனது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். ஒரு பிள்ளை தன் சொந்த வாக்கியத்தை முதல் முதலாகக் கொண்டு வந்து நீட்டும்போது அதில் நாம் பார்க்கிற முதல் விஷயம் எழுத்துப் பிழை என்றால், அடுத்த தடவை அது பிழை வராத வாக்கியமாகப் பார்த்து எழுதும், அதாவது மறுபடியும் “ஆறு நமக்கு நீர் தருகிறது”. பிழையைத் திருத்தக் கூடாது என்று சொல்லவில்லை. அதற்குத் தமிழ்ப் பாடவேளை இருக்கிறது, கையெழுத்து நோட்டு இருக்கிறது, சொல்வதெழுதுதல் இருக்கிறது. இந்த இரண்டு பாடவேளையில் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு அது என்ன சொல்ல வருகிறது என்று கேட்போம் என்கிறேன்.

இன்னொரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில், எவ்வளவு வாசிக்க வருகிறது என்று பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பு வந்தும் இவன் அரும்பில்தான் இருந்தான், கூட்டெழுத்து வந்தால் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்தால் விடிய விடிய வில்லுப்பாட்டு மேடைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் தென்னைமட்டையை வில்லாக வைத்து, குச்சியை வீசுகோலாகப் பிடித்து, சுடலை கதையை அரைமணி நேரம் சொன்னான். எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக் கூட்டத்தைக் காக்க வைக்க வேண்டும் எல்லாம் தெரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்த பையன் சரியான இடத்தில் “ஆமா” போடுகிறான். நான் அவன் சொல்லச் சொல்ல, அவன் சொன்ன வார்த்தையிலேயே ஒரு சார்ட்டில் பெரிசாக எழுதி வைத்தேன், மாற்றாமல். மறுநாள் அதை அவனிடமே வாசிக்கக் கொடுத்தேன். விரலை வைத்து வைத்து வாசித்துவிட்டான். அவன் சொன்னதுதானே, அடுத்த வார்த்தை என்ன என்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததை வைத்துக்கொண்டு தெரியாத எழுத்தைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வாரம் அதே எழுத்துகளை வேறு கதையில் தேடிக் காட்டினான். பிள்ளை சொல்வதை நாம் எழுதி, அதையே வாசிக்கக் கொடுப்பது பழைய முறைதான், செலவும் இல்லை, நேரம்தான் வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த வகுப்பை நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு என்று ஆக்கிவிடாதீர்கள். விருப்பப் பாடம் என்றால் பிள்ளை தானே கையைத் தூக்கி வர வேண்டும், ஆசிரியர் பொறுக்கி எடுக்கக் கூடாது. படம் வரைதல், தோட்டம், சிலம்பம் என்று பள்ளியில் எது முடியுமோ அதையும் பக்கத்தில் வையுங்கள், தேர்ந்தெடுக்கட்டும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த பருவத்தில் மாறிக்கொள்ளட்டும். எட்டு வயதில் ‘இது நான் எடுத்தது’ என்று சொல்ல ஒரு பாடம் இருந்தால் அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை லீவு போடாது.

இலக்கிய மன்றம் இருக்கிறதே என்பீர்கள். மன்றச் செயல்பாடெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து. அதற்குள் “இதெல்லாம் எழுதலாமா” என்ற சந்தேகம் கெட்டிப்பட்டுப் போகிறது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி இருக்கிறதே என்பீர்கள். அதில் பெரியவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது, கோப்பை வாங்கி வருகிறது. பிள்ளைக்குச் சந்தோசம்தான். ஆனால் அதில் அதன் வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பது அதற்கே தெரியும்.

நம் மாவட்டத்தை ஒரு சுற்று நினைத்துப் பாருங்கள். உவரி, கூத்தங்குளிப் பக்கம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் தெரியும், எந்தக் காற்றில் அப்பா கடலுக்குப் போக மாட்டார் என்றும் தெரியும். திசையன்விளைப் பக்கத்துப் பனைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதனி என்ன ஆகும் என்பது தெரியும். கூந்தன்குளத்துப் பிள்ளை, பறவைகள் மிரளும் என்று ஊரே வெடி போடாமல் இருக்கும் ஊரில் வளருகிறது. பத்தமடையில் கோரை, வீரவநல்லூரில் தறி, காருகுறிச்சியில் மண்பானை. இதெல்லாம் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடமாக வந்தால் படித்துக் கேள்வி பதில் எழுதுவார்கள். அவர்களே எழுதினால் எனக்கும் உங்களுக்கும் தெரியாதது வரும். அதை அவர்கள் பேச்சிலேயே எழுத விடுங்கள். ‘வெஞ்சனம்’ என்று எழுதினால் வெஞ்சனம் என்றே இருக்கட்டும், ‘பைய நடந்தோம்’ என்றால் பையவே நடக்கட்டும். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டார். அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தது ஊர்ச் சனம்தான், அந்த மாதிரிச் சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எப்படி நடத்துவது? எனக்குக் கைவந்ததைச் சொல்கிறேன். முதல் பத்து நிமிசம் பெரியவர் ஒருவர் கதை வாசிக்க வேண்டும், கேள்வி கேட்காமல், நீதி என்ன என்று கேட்கவே கேட்காமல். அப்புறம் கால்மணி நேரம் பிள்ளைகள் தாங்களே புத்தகம் எடுத்து வாசிக்கட்டும். புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்த புத்தகங்கள் பள்ளிகளில் இருக்கின்றன, ஊஞ்சல் என்ற சிறுவர் இதழ் வருகிறது. முன்னால் புத்தகப் பூங்கொத்து என்ற திட்டத்தில் வந்தவைகூடச் சில பள்ளிகளில் பீரோவுக்குள் புதுசாகவே இருக்கும், தயவுசெய்து சாவியை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், கிழிந்தால் கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். ஊர்ப்புற நூலகம் பக்கத்தில் இருந்தால் மாதம் ஒருநாள் அங்கேயே வகுப்பை வைக்கலாம். 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், நம் பிள்ளை போய் உட்காருவதில் என்ன தயக்கம்.

மீதி நேரம் எழுத்து. எழுத வராத பிள்ளை சொல்லட்டும், வருகிற பிள்ளை அதை எழுதிக் கொடுக்கட்டும். மூன்று வகுப்பும் ஒன்றாக இருப்பது இதற்கு வசதிதான், ஈராசிரியர் பள்ளிக்கு இது பாரமாகாது. தலைப்பைச் சின்னதாகக் கொடுங்கள். ‘என் ஊர்’ என்றால் பிள்ளை திணறும். ‘எங்கள் வீட்டில் தொலைந்து போன ஒரு சாமான்’ என்று கொடுத்துப் பாருங்கள். எழுதியதை நாலாக மடித்து நூல் போட்டுத் தைத்தால் புத்தகம் ஆகிவிடும், அட்டையில் பிள்ளை பெயரை எழுதிக் கயிற்றில் தொங்கவிட்டால் மற்றப் பிள்ளைகள் முட்டி மோதி வாசிக்கும். அச்சடித்த புத்தகத்தை விட அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். மனம் திறந்து எழுதச் சொன்னால் பிள்ளை எல்லாவற்றையும் எழுதும். அப்பா குடித்துவிட்டு வந்தது, அம்மா அழுதது, அடகு வைத்த கம்மல். இதைப் பலர் முன்னால் வாசிக்கச் சொல்லக் கூடாது, ஆசிரியர்கள் அறையில் பேசிச் சிரிக்கக் கூடாது, சுவரில் ஒட்டக் கூடாது. வாசிக்கலாமா வேண்டாமா என்பது பிள்ளையின் இஷ்டம். எனக்குக் கொடுத்த ஒரு பேப்பரை நான் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பிள்ளையின் அத்தையிடம் மட்டும் பேசினேன், அது சரியாக இருந்தது. அடி, தொந்தரவு என்று எழுதியிருந்தால் சும்மா இருக்கக் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளிப் பையனைக் கூடப் படித்த பையன்களே சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டியது நம் மாவட்டத்தில்தான் நடந்தது. அதன் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், 2024-இல் அறிக்கையும் கொடுத்துவிட்டார்கள். கையில் எந்தச் சாதியின் நிறக் கயிறு என்று பார்க்கத் தொடங்குவதற்கு முன்னால், எட்டு ஒன்பது வயதில், பக்கத்துத் தெருப் பிள்ளையின் ஆச்சி கதையைத் தன் காதால் கேட்ட பிள்ளைக்கு அந்தத் தெரு வேறு ஊராக இருக்காது. கொட்டகையில் பீடித் தூள் கதையைக் கேட்ட இரண்டு பிள்ளைகள் மறுநாள் ஆச்சியைப் பார்க்க அந்தத் தெருவுக்குப் போனார்கள். அதற்கு முன்னால் அவர்கள் அந்தத் தெருவுக்குள் போனதே இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்களே, இனி உங்களிடம். கல்வி உரிமைச் சட்டம் 2009 குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவில், பிள்ளை பயமில்லாமல் தன் கருத்தைத் தாராளமாகச் சொல்லப் பள்ளி உதவ வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆகவே நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் சுவர், கழிப்பறை, குடிநீர் எல்லாம் பேசி முடித்த பிறகு இதையும் ஒரு தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். “கதை எழுதி என்ன கிழிக்கப் போகுது, இங்கிலீசு சொல்லிக் குடுங்க” என்று யாராவது சொல்வார்கள், எங்கள் ஊரிலும் சொன்னார்கள். தன் மொழியில் நாலு வரி சொந்தமாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இங்கிலீசிலும் சொல்ல ஏதாவது இருக்கும் என்று சொல்லுங்கள்.

அலுவலர்களிடம் கேட்பது: ஒரு சுற்றறிக்கை போடுங்கள். முதலில் ஒன்றியத்துக்கு ஐந்து பள்ளி போதும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்கி, ஆசிரியர்களையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், தங்கள் சின்ன வயசைப் பற்றி. அப்புறம் அவர்களுக்கே தெரியும். அதற்கு அறிக்கை, படிவம், போட்டோ அப்லோடு எதுவும் கேட்காதீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், எங்களைப் போன்ற பழைய தன்னார்வலர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், சம்பளம் கேட்க மாட்டோம்.

பீடித் தூள் கதை எழுதின அந்தப் பிள்ளை இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் தம்பி மூன்றாம் வகுப்பு. போன வாரம் பால் வாங்கப் போன வழியில் என்னை நிறுத்தி, “எங்க அக்கா எழுதுன மாதிரி எனக்கும் ஒரு பொஸ்தகம் தச்சுத் தருவீங்களா?” என்று கேட்டான். எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்றேன். அவர்கள் வீட்டு வெள்ளாடு வெள்ளத்தில் போய் மூன்றாம் நாள் தானே திரும்பி வந்த கதையாம். ஆடு எந்த வழியாக வந்தது என்று யாருக்கும் தெரியாதாம், அவனுக்கு மட்டும் தெரியுமாம். பேப்பர் தைத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையை நீங்கள் கொடுத்தால் பள்ளிக்கூடத்திலேயே வைத்து எழுதிவிடுவான்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு முன்னாள் தன்னார்வலர்