அம்மா சொல்லும் பழரசக் கடை

லியோன்,
டிசம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலமா? போன வாரம் போனில் பேசியதில் பாதி அம்மாவின் அழுகையில் போனது, மீதியை நெட்வொர்க் தின்றுவிட்டது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தோட்டத்து மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு நிதானமாகப் படியுங்கள். அம்மாவுக்கு எதைப் படித்துக் காட்டுவது, எதை மடித்து வைப்பது என்பது உங்கள் பாடு.

நான் 'பழரசக் கடை'யில் இருப்பதாக அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம். தம்பி சொன்னான். "இம்புட்டு செலவு பண்ணிப் படிக்கவச்சது ஜூஸ் பிழியவா?" என்று சின்னமனூர் அத்தை கேட்டாளாம். கேட்கத்தானே செய்வாள்.

ஒயின் ஷாப் என்றால் நம்மூரில் யாருக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியாதா? கம்பி வலைக்குள் கையை நீட்டி குவாட்டர் வாங்குகிற இடம். பெயரில்தான் ஒயின், உள்ளே இருப்பதெல்லாம் பிராந்தி. இங்கே நான் வேலை பார்க்கிற கடையை 'காவ்' என்பார்கள். நிலவறை என்று அர்த்தம். க்ருவா ரூஸ் என்கிற மேட்டுப் பகுதியில், நம் செட்டியார் மளிகைக் கடை அகலம்தான் இருக்கும். இந்தப் பக்கம் கறிக்கடை, அந்தப் பக்கம் சீஸ் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் கறிப் பொட்டலத்தோடு நேராக எங்களிடம் வருவார்கள். "ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத் தொடை, எட்டுப் பேர் சாப்பாடு, எதை எடுக்கட்டும்?" அதற்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. எந்தக் குழம்புக்கு எந்தக் காய் என்று அப்பத்தா சொல்வாளே, கிட்டத்தட்ட அது.

குடிக்கிறேனா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனால் நினைப்பீர்கள். ருசி பார்க்கிறேன். வாயில் ஊற்றி, கொப்பளித்து, வாளியில் துப்பிவிடுவோம். அதற்கென்றே கடையில் ஒரு தகர வாளி இருக்கிறது. அதைக் கழுவுகிற முறை செவ்வாயும் வெள்ளியும் எனக்கு.

இங்கே குடித்துக் கெடுகிறவர்களே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருநாளைக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், அதுவும் தினமும் வேண்டாம் என்று அரசாங்கமே சொல்கிறது. 1991-ல் வந்த சட்டப்படி, விளம்பரம் எதுவானாலும் அதில் 'அளவு மீறினால் உடம்புக்குக் கேடு' என்று போட்டாக வேண்டும். நம் மேலத்தெரு மாமாவை நான் மறக்கவில்லை.

இந்த டிசம்பரில் கடையில் நிற்க இடம் இல்லை. 8-ந் தேதி ராத்திரி இந்த ஊரில் ஒரு விசேஷம். ஊர் முழுக்க ஜன்னல் திட்டில் சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். 1852-ல் மலைமேல் மாதா சிலையைத் திறந்து வைத்த அன்று ஜனங்களாகவே ஏற்றியதாம், அன்றிலிருந்து விடவில்லை. நம் திருக்கார்த்திகை முடிந்த சூட்டிலேயே இது வந்ததால் எனக்கு ரெண்டு கார்த்திகை. தெருவில் ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போட்டுக் காய்ச்சிய சிவப்பு ஒயினை அண்டாவில் வைத்து விற்றார்கள். மூக்கை மூடிக்கொண்டு நடக்கிற குளிரில் அந்த ஆவி முகத்தில் அடித்தபோது குமுளி சந்தைக்குள் நுழைந்தது போல இருந்தது. காய்ச்சுவதற்கு நல்ல ஒயினை யாரும் போட மாட்டார்கள். மலிவானது போதும். விலை உயர்ந்ததைக் கேட்டு வருகிறவர்களை எங்கள் முதலாளியம்மா திட்டியே அனுப்புவாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரிச் சாப்பாடுதான் இவர்களுக்குப் பெரிய பந்தி. முதலில் சிப்பி, பச்சையாகவே. அதற்கு எலுமிச்சை பிழிந்தது போலப் புளிப்பான வெள்ளை ஒயின். கடலோரத்து முஸ்கதே, இல்லாவிட்டால் ஷாப்லி. என் முதல் டிசம்பரில் ஒரு பெரியவர் சிப்பிக்குக் கேட்டார். எனக்கு அப்போது பிடித்திருந்த ஒரு துவர்ப்பான சிவப்பைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். ஜனவரியில் வந்து, "தகரத்தை நக்கின மாதிரி இருந்ததம்மா" என்றார். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. இப்போதும் வருகிறார். நான் எதைக் கொடுத்தாலும் முதலாளியம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

சிப்பிக்கு அப்புறம் வாத்து ஈரல். கூடவே சொத்தேர்ன் என்கிற இனிப்பு ஒயின், தேன் நிறத்தில். அப்பா, இதைக் கேட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அது பூஞ்சணம் பிடித்த திராட்சையில் செய்வது! கொத்தில் பூஞ்சணம் கண்டால் நீங்கள் இரவெல்லாம் தூங்க மாட்டீர்களே, இவர்கள் அது வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அங்கே சிரோன் என்று ஒரு சின்ன ஆறு. அதன் குளிர்ந்த தண்ணீர் பெரிய ஆற்றில் கலக்கிற இடத்தில் ஐப்பசி வாக்கில் காலையில் மூடுபனி இறங்கும். மதியம் வெயில் அடிக்கும். பனியில் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் பழம் சுருங்கும், உள்ளே சர்க்கரை கட்டிப்படும். எல்லாப் பழமும் ஒரே நாளில் அப்படி ஆகாது. அதனால் அதே கொடிக்கு நாலைந்து தடவை போய், சுருங்கினதை மட்டும் பொறுக்குவார்கள். அந்த அழுகல் நம் தோட்டத்துக்கு வந்தால் நஷ்டம்தான். நம் காற்றுக்கும் மழைக்கும் அது வேறு புத்தி காட்டும். ஆனாலும் அந்தப் பாட்டிலைத் தொடும்போதெல்லாம் உங்கள் முகம்தான் வரும்.

ஷாம்பெயின் பற்றி அத்தை கேட்டால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சினிமாவில் குலுக்கிப் பீய்ச்சுவது போல இங்கே வீட்டில் யாரும் செய்வதில்லை. பாட்டிலுக்குள் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம். மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும். பெருமூச்சு விடுகிற மாதிரி மெல்லிய சத்தம் வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

புதுவருஷம் தாண்டினால் கொஞ்ச நாள் கடை ஈயோட்டும். ஜனவரியில் ராஜாக்கள் பண்டிகை, உள்ளே ஒரு சின்னப் பொம்மையை ஒளித்து வைத்த கேக், அதற்கு ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த லேசான சைடர். பிப்ரவரியில் ஜூரா மலைக்காரர்களின் 'மஞ்சள் ஒயின்' திறப்பு விழா. பீப்பாயில் ஆறு வருஷம் மூன்று மாதம், குறைந்ததை நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். ஊறுகாய் மேல் படிகிற வெள்ளை ஆடை போல ஒன்று மேலே படரும். அக்ரூட் கொட்டை வாசம். எனக்குப் பிடிக்கவே இல்லை. முதலாளியம்மா முன்னால் மட்டும் பிடிக்கும்.

பங்குனி சித்திரையில் ஈஸ்டர். ஆட்டுக்கறி, அதற்கு போர்டோ சிவப்பு, அது எளிது. கஷ்டமானது ஆர்ட்டிஷோக் என்கிற ஒரு பூக்காய். தாமரை மொட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு எதைக் குடித்தாலும் அசட்டு இனிப்பாகிவிடும். ஒயினே கெட்டுப்போனது என்று ஒரு அம்மாள் பாட்டிலைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். மற்றவர்கள் விழித்தார்கள். எனக்கு உடனே புரிந்தது: பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் தின்றுவிட்டுக் குழாய்த் தண்ணீர் குடிப்போமே! அதே சங்கதி. அந்த அம்மாளிடம் நெல்லிக்காயைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். அன்றைக்கு ஆர்ட்டிஷோக்குக்குத் தண்ணீரே போதும் என்று சொல்லி அனுப்பினேன். கடைக்கு நஷ்டம், ஆனால் முதலாளியம்மா சிரித்தாள்.

வெயில் காலத்தில் எல்லோருக்கும் ரோஸே வேண்டும். வெங்காயத் தோல் நிறத்தில் இருக்கும். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தது என்று நினைக்காதீர்கள். கறுப்புத் திராட்சையைப் பிழிந்து, தோலோடு சில மணி நேரம் மட்டும் வைத்திருந்து வடித்துவிடுவார்கள். ஜூலை 14 தேசிய தினத்துக்கு முந்தின நாள் நான் பெட்டி பெட்டியாகத் தூக்கியது அதுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது புரட்டாசிக்கு முந்தின நாட்களைப் பற்றி. ஆகஸ்டு கடைசியில் மேட்டுச் சந்தையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வாசம் இழுத்தது. திரும்பிப் பார்த்தால் கூடையில் கருநீலக் கொத்து, மேலே திருநீறு பூசியது போல வெள்ளைப் பொடி. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன். அப்பா, நம் பன்னீர்! அதே விதை, அதே தோல், கடைசியில் மூக்கில் ஏறுகிற அதே பன்னீர் வாசம். பலகையில் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று எழுதியிருந்தது. வாந்து என்கிற மலைச் சரிவில் விளைவது, ஒயினுக்கு இல்லை, சாப்பிட மட்டும். 1997-லேயே அந்த மலையின் பேரில் முத்திரை வாங்கிவிட்டார்கள். கம்பம் பன்னீருக்கு நாம் புவிசார் குறியீடு வாங்கியது 2023-ல்தானே, நீங்கள் கேக் வெட்டி போட்டோ அனுப்பினீர்கள். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் அந்தக் கொடியை நம் பக்கம் கொண்டுவந்தார் என்று தாத்தா சொல்வார் இல்லையா? சந்தையிலேயே நின்று ஒரு கொத்து முழுவதையும் தின்று தீர்த்தேன். விலையைச் சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும்.

அடுத்த வாரமே முதலாளியம்மா என்னை பொஜொலே பக்கம் அறுப்புக்குக் கூட்டிப் போனாள். லியோனுக்கு வடக்கே, கொஞ்ச தூரம்தான். அங்கே பந்தல் கிடையாது. கொடி முழங்கால் உயரம், ஒவ்வொன்றும் தனிச் செடி மாதிரி நிற்கிறது. நாம் அண்ணாந்து அறுத்துக் கழுத்து வலிப்போம், இவர்கள் குனிந்து அறுத்து இடுப்பு வலிக்கிறார்கள். அந்தப் பழத்தைப் பிழியாமல் முழுக் கொத்தாகவே தொட்டியில் மூடி வைத்து, இரண்டு மாதத்துக்குள் புது ஒயினாகப் பாட்டிலில் அடைத்து, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு விடுகிறார்கள். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட விற்கக் கூடாது. போன மாதம் அன்றைக்குக் கடையில் தொத்திறைச்சி வெட்டி வைத்து, தெருவே வந்து நின்றது. பெரிய ருசி என்று சொல்ல மாட்டேன். வாழைப்பழ மிட்டாய் வாசம் வரும். நம் புது அரிசிப் பொங்கல் மட்டும் என்ன, பழைய அரிசியைவிட ருசியா? அறுத்தது வீட்டுக்கு வந்துவிட்டது என்கிற சந்தோஷம்.

அந்தத் தோட்டக்காரருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். என் அப்பாவும் திராட்சைக்காரர் என்றதும் கையைப் பிடித்துப் பார்த்தார். என் கையில் என்ன இருக்கிறது பார்க்க! உங்கள் கையைப் பார்த்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ரெண்டு அறுப்பு, சில வருஷம் மூன்றாவதும் வரும் என்றேன். நம்பவில்லை. கொடி எப்போது தூங்கும் என்று கேட்டார். இங்கே கார்த்திகை மார்கழியில் இலையெல்லாம் கொட்டி, தை மாசி வரை கட்டை மாதிரி கிடக்கிறது. நம் சுருளிப்பட்டியில் அது தூங்கி நான் பார்த்ததில்லை என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

பிறகு அவருடைய கொட்டகைக்குள் ஒரு நீலக் கறை படிந்த டிரம்மைப் பார்த்தேன். மயில்துத்தம், சுண்ணாம்பு. நீங்கள் முப்பது வருஷமாகக் கொடிக்கு அடிக்கிற போர்டோக் கலவை! அந்த 'போர்டோ' என்பது ஈஸ்டர் கறிக்கு நான் விற்கிறேனே, அந்த ஒயின் ஊரேதான். ரோட்டோரக் கொடியில் திருடித் தின்கிறவர்களுக்குக் குமட்டட்டும் என்று அங்கே தெளித்து வைத்தார்களாம். அந்த வரிசையில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்று மில்லார்தே என்கிற வாத்தியார் கவனித்து, 1885-ல் எழுதி வெளியிட்டார். ஊரில் இருந்தவரை அதை ஏதோ கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தேன். நீங்களும்தானே?

தோட்டக்காரர் ஜனவரி 22-க்கு மேல் கொடியை வெட்டிக் கவாத்து செய்யப் போகிறார். அன்றைக்கு இவர்களுடைய கொடிக்காரச் சாமிக்கு நாள். என்னை வரச் சொல்லியிருக்கிறார். வெறுங்கையோடு போக முடியாது. அதனால் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். அடுத்த கவாத்தின்போது தம்பியைப் பந்தலுக்குக் கீழே நிற்க வைத்து, எத்தனை மொட்டு விட்டு வெட்டுகிறீர்கள் என்பது தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கை, கத்திரி, கணு மூன்றும் தெரிய வேண்டும். பின்னால் பாட்டுச் சத்தம் வேண்டாம். கம்பம் பட்டறையில் அடித்த அந்தப் பழைய கத்திரி மாதிரி புதிதாக ஒன்று கிடைத்தால், மாமா பையன் மார்ச்சில் வரும்போது அவனிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள், கைப்பையில் வேண்டாம்.

அம்மாவுக்கு என் முத்தம். பழரசக் கடை என்றே இருக்கட்டும், பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா