மாலகோயில் திருப்பணியும் கோயில் கொரங்காடும்: நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், திருப்பூர், கோவை என்று பிழைப்புக்குப் போயிருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான்மார்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

மாலகோயில் கும்பாபிஷேகம் வைகாசியில் நல்லபடியாக நடந்து, 48 நாள் மண்டல பூஜையும் முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தனித் தாளில் இணைத்திருக்கிறோம். ரசீதெல்லாம் கோயில் பெட்டியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மேல்தள ஒழுக்கு அடைத்தது, தளக்கல் பதித்தது எல்லாம் நீங்களே கண்ணால் பார்த்த வேலை. கோயில் காட்டுக்கு, அதாவது சாமி மாடுகள் மேயும் கொரங்காட்டுக்கு, ஏன் திருப்பணிப் பணத்தை எடுத்தீர்கள் என்று சிலர் கேட்டீர்கள். அதற்குத்தான் விவரமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நம் சாமி மாடு கன்றைக் காக்கிற சாமி. நம் மண்ணோ மலையின் மழை மறைவில் கிடக்கும் சரளை மண். ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் வேறு மழையை நம்ப முடியாது. இதில் காங்கயம் மாடு நிலைத்திருக்கிறது என்றால் அது கொரங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் காட்டால்தான். மேயக் கொழுக்கட்டைப்புல், நிழலுக்கு வெள்வேல், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. கோடையில் புல் கருகினாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடு மாடுகளுக்கு வயிறு நிறைக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தை பேர் வாங்கியதும் இந்த மாதிரிக் காட்டில் மேய்ந்துதான். சாமிக்குக் கோபுரத்தைப் புதுப்பித்துவிட்டு, அவர் பட்டி மேயும் காட்டை வேலியில்லாமல் விடக் குழுவுக்கு மனம் ஒப்பவில்லை.

கம்பி வேலி போட்டால் ஒரே வாரத்தில் முடியும் என்றார்கள். அதுவும் சரிதான். ஆனால் கிளுவை வேலி தானாகத் தழைக்கும், காற்றுக்கு மறைப்பாக நிற்கும், தலைமுறைக்கும் இருக்கும். அதனால் கிளுவைக் கிளைகளைப் போத்தாக வெட்டி நட்டோம். முதலில் நட்டதில் பெரும்பகுதி மழை தவறிக் காய்ந்துவிட்டது. அது எங்கள் அவசரத்தால் வந்த நட்டம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு மறுபடி நட்டவை இப்போது துளிர்த்து நிற்கின்றன.

அப்புறம் உருவாரங்கள். கருவறைக்குப் பின்னால் நேர்ந்துகொண்டு வைத்த மண் மாடுகள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. டிராக்டரில் அள்ளிப் போட யாருக்கும் கை வரவில்லை. பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கொம்பு உடைந்த ஒரு கன்றின் திமிலில் அதைப் பிடித்தவரின் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. யார் வீட்டுக் கன்றுக்கு என்ன நோவோ, எந்த வருசமோ. உடைந்தவற்றையும் சேர்த்து வெள்வேல் மரத்தடியில் மேடை கட்டி அடுக்கியிருக்கிறோம். திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்த பாலாலயத்தன்று தொடங்கிய இந்த வேலைக்கு யாரும் கூலி வாங்கவில்லை.

வாசல் சுதைக் காளைக்கு வண்ணம் தீட்டியவர் முழு வெள்ளையாக அடித்துவிட்டார். "காயடித்த எருதுக்குத்தான் நிறம் வெளுக்கும், பொலிகாளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்திருக்க வேண்டாமா?" என்று பெரியவர் ஒருவர் தன் மயிலைக் காளையையே கோயில் வாசலுக்குப் பிடித்து வந்து நிறுத்தினார். அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். பக்கத்தில் உள்ள கன்றுக்குச் செவலை நிறம் கொடுத்ததும் அவர் சொல்லித்தான். காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பு, ஆறு மாதம் போல ஆனால்தான் நிறம் மாறும். இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

கல்தொட்டிக்குக் குழாய் இழுப்பது மட்டும் பாக்கி. பொங்கலுக்குள் முடித்துவிடுவோம். பட்டிப் பொங்கலுக்கு எல்லாரும் மாடு கன்றோடு கோயிலுக்கு வர வேண்டும்.

கிளுவை வேலி அடர்ந்து அடையும்வரை காட்டின் கிழக்குக் கடவில் (நுழைவழியில்) படல் சாத்தியே இருக்கும். கன்றுக்குட்டி உள்ளே நுழைந்திருந்தால் பார்த்தவர்கள் வெளியே ஓட்டிவிட்டு, படலை மறுபடி சாத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்