கிகுயோவில் இருக்கும் மகளுக்கு: ஞாயிறு ஆராதனை பற்றி

அன்பு மகள் கிரேஸுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அப்பாவும் அம்மாவும் எழுதுவது. கிகுயோவுக்குப் பக்கத்து நகரமான குமமோட்டோவில் ஆங்கில ஆராதனை எங்கே நடக்கும் என்று கேட்டிருந்தாய். அதைத் தேடி அலையாதே, அம்மா. கிட்டத்தில் இருக்கிற ஜப்பானிய லுத்தரன் கோயிலுக்கே போ. வாரத்துக்கு ஒரு கோயில் பார்க்காமல் ஒரே கோயிலுக்குத் தொடர்ந்து போ. பாஷை தெரியாமல் எப்படி என்று யோசிப்பாய். ஆராதனை முறைமை மனப்பாடமாக இருப்பவளுக்குப் பாஷை பாதிச் சிக்கல்தான். மீதிப் பாதி செருப்பிலும் உறையிலும் மணியிலும் வசன எண்ணிலும் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறோம்.

நீ போய்ச் சேர்ந்திருக்கும் கியூஷு தீவு ஜப்பான் லுத்தரன்களுக்குப் பிறந்த வீடு. 1892இல் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து ஷேரர், பீரி என்ற இரண்டு மிஷனரிகள் ஜப்பானுக்கு வந்தார்கள். 1893 ஈஸ்டர் அன்று சாகா நகரத்தில் முதல் ஆராதனை நடந்தது. அந்த நாளைத்தான் அந்தச் சபை தன் தொடக்கமாகக் கணக்கிடுகிறது. குமமோட்டோவில் 1909இல் இறையியல் பள்ளி தொடங்கிப் பிறகு டோக்கியோவுக்குப் போனது. 1911இல் கியூஷு காகுயின் என்ற பள்ளிக்கூடம் வந்தது. 1919இல் மாட் பவுலஸ் அம்மையார் ஜியாய்என் என்ற காப்பகத்தைத் தொடங்கினார். அதனால் அந்த ஊரில் 'லுத்தரன்' என்று சொன்னால் வயதானவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமாவது ஒரு காப்பகமாவது நினைவுக்கு வரும். ஜப்பானின் வேறு பல ஊர்களில் இந்த வசதி கிடையாது.

வழி சுலபம். ஹராமிசு ஸ்டேஷனில் ஹோஹி ரயில் ஏறி ஷின்-சுய்சென்ஜியில் இறங்கு, அங்கேயே டிராம் நிறுத்தம் இருக்கிறது. ஒரு பக்கம் போனால் கடைசி நிறுத்தம் கெங்குன். மறுபக்கம் மிசோதென்ஜின், சுய்தோச்சோ. இந்தப் பாதையை ஒட்டித்தான் லுத்தரன் கோயில்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ரயில் அட்டவணை வேறு. வார நாள் நேரத்தை நம்பிக் கிளம்பினால் ஸ்டேஷனிலேயே நிற்க வேண்டி வரும்.

வரைபடத்தில் தேடும்போது 'ரூதெரு கியோகாய்' என்று ஜப்பானிய எழுத்தில் போட்டுத் தேடு. ஆங்கிலத்தில் தேடினால் பாதி வராது. வருவதிலும் கல்யாண மண்டபங்கள் கலந்திருக்கும். உயர்ந்த கோபுரம், வண்ணக் கண்ணாடி, வெள்ளைப் படிக்கட்டு எல்லாம் இருந்து, சபை மட்டும் இல்லாவிட்டால் அது ஹோட்டல்காரர்கள் கல்யாணத்துக்காகக் கட்டியது. உண்மையான கோயில் பெரும்பாலும் சாதாரணக் கட்டடமாக இருக்கும். வாசல் பலகையில் ஆராதனை நேரமும் அந்த வாரப் பிரசங்கத் தலைப்பும் எழுதியிருக்கும். யூனிபிகேஷன் சர்ச், யெகோவா சாட்சிகள், மார்மன் இவர்களோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்ற அறிவிப்பும் பல பலகைகளில் இருக்கும். அக்கம்பக்கத்தார் பயப்படாமல் உள்ளே வரட்டும் என்றுதான் அதைப் போடுகிறார்கள்.

லுத்தரன் என்ற பெயரில் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட சபைகள் உண்டு. சாகாவில் தொடங்கியது 'நிஹோன் ஃபுகுயின் ரூதெரு'. 1948இல் அமெரிக்காவின் மிசூரி சினட் என்ற லுத்தரன் சபை தொடங்கிய வேலையிலிருந்து வந்தது 'நிஹோன் ரூதெரு கியோதான்'. நம் பக்கத்தில் ஆம்பூர், நாகர்கோவில் வட்டாரத்து இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையும் அதே மிசூரி வேரில் வந்ததுதான். நார்வே மிஷன்களிலிருந்து வந்த சபைகளும் தனியாக இருக்கின்றன. குமமோட்டோவில் நீ பார்க்கப்போவது முதலாவதைத்தான். அதுவும் நம் தரங்கம்பாடிச் சபையும் லுத்தரன் உலக சம்மேளனத்தில் அங்கம். இதைப் போகுஷியிடம் ஒரு வரி சொன்னால் போதும், உன்னை எந்த இடத்தில் வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும். போகுஷி என்றால் சபைப் போதகர், நாம் ஐயர் என்று சொல்கிறவர். கூப்பிடும்போது 'சென்செய்' என்று கூப்பிடு.

ஆராதனை பெரும்பாலும் காலை 10:30. நம் ஊரில் மூன்றாம் மணி அடித்த பிறகும் ஆள் வந்துகொண்டிருக்கும். அங்கே 10:30 என்றால் 10:30தான். முன்னிசை தொடங்கும்போது எல்லாரும் உட்கார்ந்து வாய்மூடி இருப்பார்கள். நீ 10:15க்கே வாசலில் இருக்க வேண்டும். குடையை வெளித் தாங்கியில் வை. பல கோயில்களில் செருப்பைக் கழற்றி அங்கே இருக்கும் ஸ்லிப்பரைப் போட வேண்டும். ஆகவே ஓட்டையில்லாத காலுறையும், வார் இல்லாமல் சட்டென்று கழற்றக்கூடிய காலணியும் வைத்துக்கொள். கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர் இருக்கும். அதோடு திரும்பிக் கோயிலுக்குள் வந்துவிடாதே. புதிதாய் வருகிறவர்கள் செய்கிற தவறு பெரும்பாலும் இதுதான். யாரும் சொல்லித் திருத்த மாட்டார்கள், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். முக்காடு யாரும் போடுவதில்லை, போட்டாலும் தப்பில்லை. உடை ஆபீஸுக்குப் போகிற மாதிரி இருந்தால் சரி.

வாசல் மேசையில் பெயர் எழுதச் சொல்வார்கள். உன் பெயரை கதகானா எழுத்தில் முன்கூட்டியே பழகி வை. அங்கே உனக்கு வாராந்தரத் தாளும், முறைமைப் புத்தகமும், பாட்டுப் புத்தகமும் தருவார்கள். தாளின் பெயர் 'ஷூஹோ'. பாட்டு எண், வாசகப் பகுதி, எழுந்து நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு குறி, கடைசியில் அறிவிப்புகள் எல்லாம் அதில் இருக்கும். எண்கள் நமக்குத் தெரிந்த எண்களாகவே இருப்பதால் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே முழு ஆராதனையையும் தொடரலாம்.

முறைமை நான்கு பகுதி: அழைப்பு, வசனம், திருவிருந்து, அனுப்புதல். பாவ அறிக்கை, 'கர்த்தாவே இரங்கும்', உன்னதத்தில் மகிமை, பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம், பிரசங்கம், விசுவாசப்பிரமாணம், காணிக்கை, சபை ஜெபம் என்று நம் வரிசைதான். 'ஷுயோ, அவாரெந்தே குதாசாய்' என்று பாடுவது காதில் விழுந்தால் எந்த இடம் என்று உனக்கே தெரியும். சமாதானம் சொல்லும்போது கை கொடுப்பதைவிடத் தலை வணங்குவதுதான் வழக்கம். 'ஷு நோ ஹெய்வா' என்று சொல்.

பதில்களைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கலாம் என்று உனக்குத் தோன்றும். தமிழில் எழுதினால் 'க' எங்கே வன்மையாக, எங்கே மென்மையாக என்று தெரியாது. த, ப எழுத்துக்கும் இதே கதி. ஜப்பானிய மொழியில் அவை வேறு வேறு எழுத்துகள், அர்த்தமே மாறிவிடும். பேசாமல் ஹிரகானா 46 எழுத்தையும் உட்கார்ந்து படித்துவிடு. தினம் அரை மணி ஒதுக்கினால் சில வாரங்களில் வந்துவிடும். பாட்டுப் புத்தகத்தில் இசைக்குறியின் கீழ் வரிகள் ஹிரகானாவில்தான் அச்சாகியிருக்கும். எழுத்து தெரிந்தால் அர்த்தம் தெரியாமலேயே பாடலாம். லுத்தரன் புத்தகம் 1974இல் வந்த 'கியோகாய் சம்பிகா'. அதில் 450ஆம் எண்ணைத் திறந்து பார்: 46ஆம் சங்கீதத்தை வைத்து லுத்தர் எழுதிய பாட்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு, சீர்திருத்த நாளில் அதைப் பாடுவார்கள். கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்யாதே. அங்கே அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசகங்கள் புழக்கத்தில் இருக்கின்றன, பாதியில் மற்றவர்களோடு முட்டிக்கொள்வாய். உன் கோயில் முறைமைப் புத்தகத்தில் இருப்பதையே படி.

இப்போது வேதாகமம். இதைக் கவனமாகப் படி. தமிழ் வேதாகமத்தைக் கையோடு கொண்டு போய் வாசகத்தைத் தொடர்வது நல்ல வழிதான், ஆனால் எண் இடிக்கும். பல கோயில்களில் வாசிப்பது 1987இல் வந்த 'ஷின் கியோதோ யாகு' என்ற ஜப்பானிய மொழிபெயர்ப்பு. அது எபிரெய மூலத்தின் வசன எண்களைப் பின்பற்றுகிறது. சங்கீதத்தின் தலைப்பு நீளமாக இருந்தால் தலைப்பையே முதல் வசனமாக எண்ணும். 51ஆம் சங்கீதத்தில் தலைப்பு இரண்டு வசனம். ஆகவே 'சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்' என்பது நமக்கு 10, அவர்களுக்கு 12. ஏசாயா 9இல் 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' நமக்கு 6, அங்கே 5. கிறிஸ்துமஸில் இது கட்டாயம் வரும். பெந்தெகொஸ்தே அன்று யோவேல் 3:1 என்று தாளில் இருந்தால் நீ 2:28ஐத் திற. அங்கே யோவேலுக்கு நான்கு அதிகாரம், நமக்கு மூன்று. மல்கியாவில் தலைகீழ்: நமக்கு நான்கு, அவர்களுக்கு மூன்று. புதிய ஏற்பாட்டில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

பிரசங்கம்தான் கஷ்டம். சுமார் இருபது நிமிடம் ஓடும். ஆராதனை நடக்கும்போது போனைத் தூக்கிப் பிடித்து மொழிபெயர்க்காதே, பின்வரிசைக்காரர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். பல போகுஷிகள் பிரசங்கத்தை முழுக்க எழுதி வைத்துத்தான் பேசுகிறார்கள். முந்தின வாரமே பணிவாகக் கேட்டால் சிலர் பிரதி தருவார்கள். அதை வீட்டில் செயலியில் போட்டுப் படித்துவிட்டுப் போ. ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவார்கள். நடந்து போனது இயேசுவா பேதுருவா என்று செயலி குழம்பும். சுவிசேஷப் பகுதியைத் தமிழில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தால் நீயே சரி பார்த்துக்கொள்ளலாம். சில ஞாயிறுகளில் போகுஷியே இருக்க மாட்டார். ஒருவரே இரண்டு மூன்று கோயில்களைப் பார்ப்பது அங்கே சகஜம். அன்று சபையார் ஒருவர் பிரசங்கத்தை வாசிப்பார், அல்லது இன்னொரு கோயிலிலிருந்து திரையில் வரும். அந்த வாரம் போகாமல் இருந்துவிடாதே.

திருவிருந்து சில கோயில்களில் வாராவாரம், சில இடங்களில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. தாளைப் பார்த்தால் தெரியும். முதல் தடவை பந்திக்கு முன்பே போகுஷியிடம் 'ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தப்பட்ட லுத்தரன்' என்று சொல்லி அனுமதி கேள். கேட்கத் தவறிவிட்டால் முன்னே போய்க் கையை நீட்டாமல் தலையை மட்டும் குனி, ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவார். ரசம் சின்னக் கோப்பைகளில் வரும் இடங்கள் உண்டு, அப்பத்தைத் தோய்த்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய். திராட்சைச் சாறு தனியாக வைத்திருந்தால் தாளிலோ வாயாலோ சொல்லிவிடுவார்கள்.

காணிக்கையில் இரண்டு வகை. ஆராதனை நடுவில் பையோ தட்டோ வரும். அது யாரும் போடலாம். 500 யென் நாணயமோ 1000 யென் நோட்டோ வைத்துக்கொள். கார்டு எல்லாம் நடக்காது. இன்னொன்று மாதக் காணிக்கை, அங்கத்தினருக்கு. பன்னிரண்டு மாதக் கட்டம் அச்சிட்ட உறையோ, மாத உறைகளோ கொடுத்துவிடுவார்கள். அதை யாரும் உன் கையில் திணிக்கும்வரை கேட்டு வாங்காதே. வாங்கிவிட்டால் எந்த மாதமும் தவறாதே. அந்தச் சின்னச் சபைகளில் ஒரு உறை குறைந்தால்கூடப் பொருளாளர் கணக்கில் தெரியும்.

அறிவிப்பு நேரத்தில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். 'ஹஜிமேமாஷிதே. இந்தோ காரா கிமாஷித கிரேஸ் தெஸு. யோரோஷிகு ஒனேகாய்ஷிமஸு.' இவ்வளவு போதும், சாட்சி எல்லாம் சொல்லத் தொடங்காதே. பிறகு சாப்பாடு இருந்தால் இரு. சில நூறு யென் பெட்டியில் போட வேண்டியிருக்கும். கறி என்பார்கள், நம் குழம்பு என்று நம்பிப் போகாதே. மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய, கொஞ்சம் இனிப்பான சமாசாரம். பன்றியோ மாடோ சேர்ந்திருக்கும், வேண்டாம் என்றால் முதலிலேயே கேட்டுக்கொள். தட்டுக் கழுவும் இடத்தில் போய் நில் என்று அம்மா சொல்கிறாள். ஒரு பேச்சும் பேசாமல் பழகக்கூடிய இடம் அதுதானாம்.

வருஷக் கணக்கில் நான்கு விஷயம். டிசம்பர் 25 அங்கே வேலை நாள். கிறிஸ்துமஸ் ஆராதனையை 25க்கு முந்தின ஞாயிறும், மெழுகுவர்த்தி ஆராதனையை 24 மாலையும் வைத்துவிடுவார்கள். பெரிய வெள்ளியும் லீவு இல்லை, மாலை ஆராதனை இருக்கிறதா பார். ஆகஸ்ட் முதல் ஞாயிறு சமாதான ஞாயிறு, ஹிரோஷிமா, நாகசாகி நாள்களை ஒட்டி. நவம்பர் முதல் ஞாயிறில் இறந்துபோன சபையாரின் படங்களை முன்னே வரிசையாக வைத்து நினைவுகூருவார்கள். அவர்களுடைய குடும்பத்தார், கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களும், அன்று வருவார்கள். கூட்டம் அதிகமாக இருக்கும், சீக்கிரம் போ.

சபையில் வயதானவர்கள் அதிகம். ஆகவே அடக்க ஆராதனைக்கும் அழைப்பு வரும். முந்தின நாள் மாலை ஒன்று, மறுநாள் ஒன்று. கறுப்பு உடை. பணம் வைக்கும் உறையில் சிலுவையோ லில்லிப் பூவோ இருக்கட்டும். தாமரை போட்டது பௌத்தர்களுக்கு. பழகினவர் என்றால் 3000 அல்லது 5000 யென் வை. 4 வரக்கூடாது, புது நோட்டும் கூடாது. ஊதுபத்திக்குப் பதில் பூ வைப்பார்கள். பூ வலப்பக்கம் இருக்கும்படி இரண்டு கையாலும் வாங்கி, காம்பு பெட்டியின் பக்கம் போகும்படி திருப்பி வைத்து, தலை வணங்கிவிட்டு வா.

அங்கத்தினராகச் சேர இப்போது அவசரப்படாதே. மூன்று வருஷ வேலைதானே. 'கியாகுயின்' என்று விருந்தினர் அங்கத்தினராக இருந்தால் போதும். வருடாந்தர சபைக் கூட்டத்தில் ஓட்டு இருக்காது, மற்றபடி எல்லாம் உண்டு. வேலை நீண்டால் பிறகு மாற்றுச் சான்றிதழ் வாங்கலாம். எப்படியும் ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி, திருவிருந்தில் பங்குள்ளவள் என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை வைத்து ஒரு கடிதம் கேட்டு ஐயரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த வாரம் கிடைத்துவிடும். உன் புது விலாசத்தை வீட்டு எண், அறை எண்ணோடு ஜப்பானிய எழுத்தில் படம் எடுத்து அனுப்பு. அறை எண் இல்லாவிட்டால் தபால் திரும்பி வந்துவிடும்.

அன்புள்ள
அப்பா, அம்மா