கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த அக்காவுக்கு

அக்கா, அன்று உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது 16 வயது. வாலிபர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் நான் மட்டும் கடைசி பெஞ்சில் இருந்தேன். வகுப்பில் ஒருத்தியை எல்லோரும் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணுகிற அதே வாய்! என் விசுவாசமே வெறும் நடிப்பு என்று உங்களிடம் அழுதேன்.

நீங்கள் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. ஓரம் கிழிந்த உங்கள் வேதாகமத்தைத் திறந்து 1 தீமோத்தேயு 4:12-ஐக் காட்டினீர்கள். இளம் ஊழியனான தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது. எதிலெல்லாம் மாதிரியாயிருக்க வேண்டும் என்ற வரிசையில் முதலில் வருவது வார்த்தை. அதன் கீழே பென்சில் கோடு. “மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நாளைக்கு அவளிடம் போய் மன்னிப்புக் கேள், சரியா?” என்றீர்கள்.

கேட்டேன் அக்கா. கை நடுங்கியது. அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மூன்று நாள் கழித்துத்தான் பேசினாள். அந்த மூன்று நாளும் நான் பண்ணிய ஜெபம்தான் என் முதல் உண்மையான ஜெபம் என்று நினைக்கிறேன்.

இப்போது கூட்டம் முடிந்ததும் கடைசி பெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். யாராவது தனியாக இருந்தால் போய் உட்காருகிறேன். ரொம்ப நன்றி அக்கா.