பின்வாங்கத் தெரிந்த தளபதி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கேட்டிருந்த இடமாற்றம் கிடைத்துவிட்டதையும், நீங்கள் மறுபடி காலை நடையைத் தொடங்கியிருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கு எல்லோரும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்கு வாசிப்பு எளிதாகிவிட்டது. நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல் வரலாற்றை ஆற அமரப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னை உடனே பேனா எடுக்க வைத்தது.

கட்டளையிட்டே பழகிய படைத்தலைவர்களுக்கு அரசியல் ஒத்துவராது என்று எழுதி, அதற்குச் சான்றாக, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று பின்னர் பிரிட்டிஷ் பிரதமரான வெலிங்டனைக் காட்டியிருந்தீர்கள். பிரதமரானபின் நடந்த முதல் அமைச்சரவைக் கூட்டத்தில், "நான் உத்தரவு கொடுத்தேன், இவர்கள் உட்கார்ந்து அதைப் பற்றி விவாதிக்கப் பார்த்தார்கள்" என்று அவர் வியந்ததாக வழங்கும் கதையை நானும் கேட்டிருக்கிறேன். கதை சுவையானதுதான். ஆனால் அந்த மனிதரின் அரசியல் வாழ்க்கையை அது விளக்கவில்லை என்பது என் எண்ணம். அவர் அரசியலில் சாதித்தவை பெரும்பாலும் பின்வாங்கல்கள். அதுவும் ஒரு தளபதிக்கே உரிய கணக்கோடு செய்த பின்வாங்கல்கள். அவர் விழுந்த இடமோ, அந்தக் கணக்கைப் போடாமல் விட்ட இடம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்தர் வெல்லஸ்லி என்ற இயற்பெயர் கொண்ட வெலிங்டன் படையிலிருந்து நேரே பிரதமர் நாற்காலிக்கு வந்தவர் அல்லர். 1790ஆம் ஆண்டிலேயே, இன்னும் பெயர் எடுக்காத இளம் அதிகாரியாக இருந்தபோது, குடும்பச் செல்வாக்கால் அயர்லாந்து நாடாளுமன்றத்தில் ட்ரிம் தொகுதியின் உறுப்பினரானார். 1807இல் அயர்லாந்தின் தலைமைச் செயலர் பொறுப்பேற்று, யாருக்கு எந்தப் பதவி, எந்தத் தொகுதியில் யாருடைய ஆள் என்று பங்கு பிரிக்கும் வேலையை நேரில் செய்தார். ஆகவே அரசியலின் அடுக்களை எப்படியிருக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அவர் நம் பக்கம் வந்தார். 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியபோது, சுல்தான்பேட்டைத் தோப்பைத் திப்புவின் வீரர்களிடமிருந்து கைப்பற்றும்படி அவருக்கு ஆணை வந்தது. அந்தத் தோப்பைப் பகலில் யாரும் சரியாகப் பார்த்து வைத்திருக்கவில்லை. இருட்டில் கால்வாய்களுக்கும் மரங்களுக்கும் இடையே அவருடைய படை வழிதவறிச் சிதறியது. அவர் முழங்காலிலும் ஓர் அடி விழுந்தது. அவருடைய வீரர்கள் சிலர் சிறைப்பட்டனர். மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே தோப்பு எளிதாக விழுந்தது. பகலில் வேவு பார்க்காத எந்த வலுவான நிலையையும் இனி இரவில் தாக்க விடமாட்டேன் என்று அண்ணன் ரிச்சர்டுக்கு அவர் எழுதினார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் 1803இல் அஸ்ஸாயேவிலும் அவர் பெற்ற வெற்றிகளை நாம் கொண்டாட வேண்டியதில்லை. அவை யாருக்காக வெல்லப்பட்டவை என்பதை நாம் இருவரும் அறிவோம். ஆனால் அந்தத் தோப்பில் கற்ற பாடத்தை அவர் ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார்.

1810இல் மசேனாவின் பிரெஞ்சுப் படை போர்ச்சுகலுக்குள் புகுந்தபோது, புசாக்கோ மலைமுகட்டில் அதை முறியடித்த பிறகும் வெலிங்டன் பின்வாங்கினார். லிஸ்பனுக்கு வடக்கே டோரஸ் வெட்ராஸில் ஓராண்டாக ஓசையின்றிக் கட்டி வைத்திருந்த அரண்வரிசைக்குள் போய் அமர்ந்துகொண்டார். வெறுமையாக்கப்பட்ட நாட்டில் எதிரிப் படை பட்டினியால் வாடி, 1811 மார்ச்சில் தானாகத் திரும்பிப் போனது. வென்ற களத்தை விட்டுப் பின்னே நடப்பதற்கு எத்தகைய மனத்திண்மை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாட்டர்லூவைவிட இதுவே அவருடைய உண்மையான முகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1828 ஜனவரியில் அவர் பிரதமரானார். கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடமளிப்பதை எதிர்த்து வந்த கட்சியின் தலைவர் அவர். மன்னர் நான்காம் ஜார்ஜோ அதைவிடக் கடுமையான எதிர்ப்பாளர். அதே ஆண்டு ஜூலையில் அயர்லாந்தின் கிளேர் இடைத்தேர்தலில் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் வென்றார். கத்தோலிக்கர் வேட்பாளராக நிற்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் கத்தோலிக்கர் எவரும் மனமொப்பி எடுக்க முடியாத உறுதிமொழி குறுக்கே நின்றதால், வென்றவர் அவைக்குள் அமர முடியாது. அடுத்த பொதுத் தேர்தலில் அயர்லாந்து முழுவதும் இப்படிப்பட்ட வெற்றிகள் வந்தால் என்ன செய்வது? படையை அனுப்பலாம்தான். உள்நாட்டுப் போர் என்றால் என்னவென்று அந்த அமைச்சரவையில் மற்ற எவரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும். ஒரு மாத உள்நாட்டுப் போரைத் தவிர்க்க முடியுமானால் அதற்காக உயிரையும் கொடுப்பேன் என்று 1829 ஏப்ரலில் பிரபுக்கள் சபையில் அவர் பேசியது அலங்காரப் பேச்சு அன்று. அதற்கு முன்னதாக, மன்னர் அழுதும் மறுத்தும் அடம்பிடித்து, மார்ச் 4ஆம் தேதி அமைச்சரவையையே விலக வைத்து, வேறு ஆள் கிடைக்காமல் அன்றிரவே திரும்ப அழைத்துக்கொண்டார். இவ்வளவையும் பொறுமையாகக் கடந்து, உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலின் துணையோடு, கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றத்தில் இடமளிக்கும் சட்டத்தை வெலிங்டன் நிறைவேற்றினார். கட்டளையிட மட்டுமே தெரிந்த ஒருவரால் இது ஆகிற காரியமா?

இதன் நடுவே ஒரு விந்தையும் நடந்தது. பிரதமர் கத்தோலிக்கத்தைப் பின்வாசல் வழியாக நுழைக்கச் சதி செய்கிறார் என்று வின்செல்சி பிரபு பகிரங்கமாக எழுதிவிட்டார். மன்னிப்புக் கேட்க மறுத்தவரை வெலிங்டன் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். மார்ச் 21ஆம் தேதி காலை, லண்டனில் பாட்டர்சீ வயல்வெளியில், ஐம்பத்தொன்பது வயதுப் பிரதமர் குதிரையில் வந்து இறங்கிக் கைத்துப்பாக்கியோடு நின்றார். அவர் சுட்ட குண்டு விலகிப் போயிற்று. வின்செல்சி வானத்தை நோக்கிச் சுட்டார். பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரப்பட்டது. நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் செய்யத்தக்க காரியம் இதுவன்று. ஆனால் அந்தக் காலை பலருடைய வாயை அடைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கத்தோலிக்கருக்குக் கதவைத் திறந்த அதே வேளையில், அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் வாக்களிக்கத் தேவையான சொத்தின் ஆண்டு மதிப்பு 40 ஷில்லிங்கிலிருந்து (2 பவுண்டு) 10 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஓ'கானலை வெல்ல வைத்த ஏழைக் குடியானவர்களே அந்த வெற்றிக்கு விலை கொடுத்தார்கள். பின்வாங்கும் படை பாலத்தை உடைத்துவிட்டுப் போவதுபோல இதுவும் கணக்கிட்டுச் செய்ததுதான்.

இனி அவர் விழுந்த கதை. 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதைத் திறப்பு விழாவுக்கு அவர் போயிருந்தார். வழியில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது, முன்பு அவருடைய அமைச்சரவையிலிருந்து மனக்கசப்போடு வெளியேறிய ஹஸ்கிசன் இறங்கி, சமாதானமாகப் பேச அவருடைய பெட்டியருகே வந்தார். பக்கத்துத் தடத்தில் வந்த 'ராக்கெட்' எஞ்சின் மோதி, அன்றிரவே இறந்தார். அந்த மனக்கசப்பின் மூலம் என்ன தெரியுமா? ஊழலில் சிக்கிய ஒரு சிறு தொகுதியின் இடங்களைத் தொழில்நகரமான பர்மிங்காமுக்குத் தரலாமா என்ற கேள்வி. அன்று மான்செஸ்டரில் வெலிங்டனை வரவேற்றது கூச்சலிடும் கூட்டம். அவர் பெட்டியை விட்டு இறங்கவேயில்லை. ஆளே குடியில்லாத ஓல்டு சாரம் மேடு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்த மாநகருக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

கண்ணெதிரே இவ்வளவு தெரிந்தும், நவம்பர் 2ஆம் தேதி பிரபுக்கள் சபையில் எழுந்து, இப்போதுள்ள பிரதிநிதித்துவ முறை நாட்டின் முழு நம்பிக்கையைப் பெற்றது என்றும், தாம் பதவியில் இருக்கும்வரை எந்தச் சீர்திருத்தத்தையும் எதிர்ப்பதாகவும் அவர் அறிவித்தார். யாரும் அவரை அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. கத்தோலிக்கர் சட்டத்தால் புண்பட்ட தம் கட்சிக்காரர்களைத் திரும்ப இழுக்கவே அப்படிப் பேசினார் என்று சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் அவர்களுடைய மனத்தையும் அவர் சரியாக எடைபோடவில்லை. இரண்டே வாரத்தில் ஆட்சி கவிழ்ந்தது. வேவு பார்க்காமல் இருட்டில் இறங்குவதில்லை என்று உறுதிபூண்டவர், தம் வாழ்நாளின் மிக முக்கியமான உரையை இருட்டில் நிகழ்த்தினார் என்றுதான் சொல்லவேண்டும்.

சீர்திருத்தத்தை எதிர்த்தவர் என்பதால், 1831இல் லண்டனில் அவருடைய வீடான ஆப்ஸ்லி மாளிகையின் சன்னல்களைக் கூட்டம் கல்லெறிந்து உடைத்தது. ஏப்ரலில் முதல் முறை அது நடந்தபோது, அவருடைய மனைவியின் உடல் உள்ளே கிடத்தப்பட்டிருந்தது. அவர் சன்னல்களுக்கு இரும்புக் கதவுகள் போட்டுக்கொண்டார். 1832 மே மாதம் அமைச்சரவை அமைக்க முயன்று, ஆள் சேராது என்று தெரிந்ததும் கைவிட்டார். அதன்பின் பிரபுக்கள் சபையில் எதிர்த்து வாக்களிக்காமல் ஆதரவாளர்களோடு விலகி நின்றார். ஜூன் 4ஆம் தேதி, தொகுதிகளை மாற்றியமைத்து வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதா 106க்கு 22 என்ற கணக்கில் நிறைவேறியது. பழைய வெலிங்டன் திரும்பிவிட்டார் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. 1834 இறுதியில், பிரதமர் பொறுப்பேற்க இத்தாலியிலிருந்து பீல் வந்து சேரும்வரை ஏறக்குறைய எல்லாத் துறைகளையும் மூன்று வாரம் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். 1846இல், வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களின் நீக்கம் தமக்கு உடன்பாடில்லாதபோதும், அதையும், மக்கள் சபையும் முடியரசும் ஒருபுறம் நிற்கையில் பிரபுக்கள் சபை தனித்து நிற்க முடியாது என்று சொல்லி நிறைவேற்றித் தந்தார்.

உங்கள் கருத்தை நான் முழுவதுமாக மறுக்கவில்லை. 1830ஆம் ஆண்டு உரையைக் கட்டளையிட்டுப் பழகிய மனத்தின் வெளிப்பாடாக நீங்கள் படிக்கலாம். நானோ அதை ஒரு தளபதி தம் தொழிலை மறந்த நாளாகப் படிக்கிறேன். அடுத்து பிரான்சின் தளபதியும் அரசியல் தலைவருமான டி கோலைப் பற்றிப் படிக்கவிருக்கிறேன். 1946இல் பதவியை உதறிவிட்டுப் போய், 1958வரை காத்திருந்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்