கடைசிக் காட்சி வேண்டாம்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி மகிழ்ச்சி. மதினியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

குழந்தைத் திருமணம் பற்றி உங்கள் ஊர்ப் பள்ளியில் நாடகம் போடுவதாகவும், நான் வசனம் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். கட்டாயம் எழுதுகிறேன். ஆனால் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கிக் கல்யாணத்தை நிறுத்தும் கடைசிக் காட்சியை மட்டும் கேட்காதே. அதற்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரு தாய், மறுநாள் தன் கணவனிடம் என்ன பேசுவாள்? நாடகம் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். 1971இல் ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தது. பிறகு நாட்டைவிட்டு வெளியேறினார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம், வீடு கட்டும் செலவுக்கு ரசீது என்று சொல்லிக் கணவன் காகிதங்களைக் கொடுத்துவைக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி படித்துப் பார்த்தால், எல்லாம் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். அவன் வீடு திரும்பும்போது இவள் என்ன செய்ய வேண்டும்? இதை நாடகமாகப் போட்டு, கூட்டத்தைக் கேட்டு, சொன்னதையெல்லாம் நடித்துக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் திருப்தியே வரவில்லை. அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நடிகை எப்படிப் பேசினாலும், அது இல்லை என்றாள். கடைசியில் போவால் அவளையே மேடைக்கு அழைத்தார். ஏறியவள் துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரை விளாசிவிட்டாள்! அடித்து ஓய்ந்தபின் கணவனை மன்னித்து, போய்ச் சாப்பாடு எடுத்து வா என்று அனுப்பினாள். எந்த நடிகராலும் ஊகிக்க முடியாததை அவள் வந்து செய்தாள்.

இப்போது பல நாடுகளில் இப்படித்தான் நடத்துகிறார்கள். முதல்முறை, பாதிக்கப்பட்டவர் தோற்பதோடு நாடகம் முடிந்துவிடும். மறுமுறை போடும்போது பார்வையாளர் யாரும் 'நிறுத்து' என்று சொல்லி, தோற்றவரின் இடத்தில் நின்று நடிக்கலாம். நம் கூத்தின் கட்டியக்காரனைப் போல ஒருவர் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று பேச்சை வளர்ப்பார். எதிரில் நடிப்பவர்கள் லேசில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நடக்காத தீர்வு வந்தால், இது மந்திரம் என்று கூட்டமே கத்தும். உன் ஜீப் காட்சிக்கும் அதே கதிதான், செல்வராஜ்.

போவால் பின்னர் ரியோ நகர்மன்ற உறுப்பினராகி, இத்தகைய நாடகங்களிலிருந்து எழுந்த யோசனைகளில் 13ஐச் சட்டமாக்கினார். அதைவிட எனக்கு நெருக்கமானது வங்காளம். சுந்தரவனப் பகுதியில் 1985இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி என்ற நாடகக் குழு, கூலி வேலை செய்கிறவர்களையே நடிகர்களாக்கி, வரதட்சிணை, சாராயம் பற்றியெல்லாம் நாடகம் போடுகிறது. ஒரே நாடகத்தோடு அதே ஊருக்கு மறுபடியும் போவார்கள். முதல் நாள் வாய் திறக்காதவர்கள் மேடை ஏற அவகாசம் வேண்டுமே.

ஆகவே, அப்பா கல்யாணத் தேதியைச் சொல்லிவிட்டு எழுந்து போவதோடு நிறுத்திவிடுவேன். உன் மாணவிகளும் அவர்களுடைய அம்மாக்களும் மேலே நடத்தட்டும். அப்பா வேடத்துக்கு யாரைப் போடலாம் என்று எழுது. கண்ணீருக்கெல்லாம் இறங்கி வராத ஆளாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
கணேசன்